தலைமாட்டில் நின்றவள்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். நீங்கள் சாயும்போதெல்லாம் டக்கென்று ஒரு சத்தம் வருகிறது. ஒரு அட்டையை மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். எத்தனை வருஷமாக இப்படி ஆடிக்கொண்டிருக்கிறதோ. இத்தனை ஆண்கள் இருக்கும் ஸ்டேஷனில் ஒருவருக்கும் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

நான் வந்தது ஸ்ரீரங்கம் வத்ஸலா விஷயமாக. போன மாதம் பாலக்கரையில் நடந்த பெண்கள் வலுதூக்கும் போட்டியில் இரும்பு ராடு கழுத்தில் விழுந்து செத்துப்போனாளே, அவள். அப்போது அவள் தலைமாட்டில் நின்றது நான். வியாகுலமேரி, பி.எஸ்ஸி. நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். ரைட்டர் பிச்சைமுத்து அதை எனக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு நான் சரியாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை. பிறகு நினைத்துப் பார்த்தால் அதில் ஒரு வரி தப்பு. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன். டீ வேண்டாம். நான் அழுவேன் என்று நினைத்து அந்தப் பெண் போலீஸ் அம்மாவைத் துணைக்கு உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர்களுக்கு வேறு வேலை இருந்தால் போகட்டும்.

என் அப்பா அருள்நாதன் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எண்பத்து மூன்றில் பட்டம் வாங்கினேன், கெமிஸ்ட்ரி. அம்மா அதைச் சட்டம் போட்டுத் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டினாள். அதற்குப் பிறகு ஆண்டவரும் குனிந்து அதைப் பார்க்கவில்லை, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சும் பார்க்கவில்லை. ரெண்டு வருஷம் சும்மா இருந்தேன். படித்த பெண்ணாயிற்றே என்று பெரிய மனசு பண்ணி எங்கள் தெரு வாத்தியார் ஒருத்தர் எனக்கு ஒரு வேலை சொன்னார். மெழுகுவத்திக் கடையில் உட்காருவது. மெழுகில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால் பொருத்தமாக இருக்கும் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு ஐப்பசி மழை. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வெங்காய லாரி வந்து நிற்கிறது, தார்ப்பாய் கிழிந்து மூட்டை நனைகிறது, இறக்க ஆள் இல்லை. மழை என்றால் மற்றவர்கள் எங்கே இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அப்பா ஒற்றை ஆளாக நின்றார். நான் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு லாரிக்கு முதுகைக் காட்டினேன். மேலே நின்றவன் சிரித்துக்கொண்டே ஒரு மூட்டையைச் சரித்தான். நான் நடந்தேன். அடுத்த மூட்டைக்கு அவன் சிரிக்கவில்லை. லாரி காலியாகும்வரை தூக்கினோம், நானும் அப்பாவும். ஒரு மூட்டை அறுபது கிலோ. வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காத தாயி."

வெட்கப்படுகிறார் என்று அப்போதே புரிந்துகொண்டேன். தன்னால் முடிந்தது மகளாலும் முடியும் என்றால் ஒரு ஆணுக்கு வேறு என்னதான் மிச்சம்.

அந்த அறுபது கிலோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சார். பிறகு வரும்.

செவ்வந்தி தேகப்பயிற்சிக் கழகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஓட்டுக் கொட்டகை, நாலு பெஞ்சு, வியர்வை நாற்றம். அதை நடத்துகிற சவரிராயன் மாஸ்டர் போன வருஷம் திடீரென்று பெண்களைத் தேட ஆரம்பித்தார். பெண்கள்மேல் அக்கறை வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பெண்கள் பிரிவு நடத்துகிறவருக்கு மாநிலச் சங்கத்தில் ஒரு நாற்காலி கிடைக்கும் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். மார்க்கெட்டில் என்னைப்பற்றி லாரிக்காரன் சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கே வந்தார். அம்மா வாசல்படியிலேயே நிறுத்தி, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இரும்பு? அடுப்படியில இருக்கறது பத்தாதா?" என்றாள். மாஸ்டர் சொன்ன பதில்தான் என்னை இழுத்தது. "ஸ்டேட் டீம்ல போயிட்டா சென்ட்ரல் கவர்மென்ட்ல வேலை குடுக்குறாங்கம்மா. எங்க பயலுவ ரெண்டு பேரு உள்ள போயிட்டானுவ."

அது பொய் இல்லை. அந்த ரெண்டு பேரில் ஒருவனுக்கு வேலை விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். தன் பெயரையே இங்கிலீஷில் தப்பாக எழுதுவான். இப்போது ஃபேன் அடியில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிறான்.

வலுதூக்கும் போட்டி என்றால் மூன்று தூக்கு. முதலில் ராடைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். இரண்டாவது, பெஞ்சில் மல்லாந்து படுத்து ராடை நெஞ்சு வரைக்கும் இறக்கி மேலே தள்ள வேண்டும். மூன்றாவது, தரையில் கிடப்பதை இடுப்பு மட்டத்துக்கு நிமிர்த்த வேண்டும். மூன்றையும் கூட்டிப் பார்த்து யார் அதிகமோ அவர் ஜெயித்தவர். உடம்பு எடைக்குத் தகுந்தபடி பிரிவு. ஒரு பிரிவுக்கு ஒருத்திதான் ஸ்டேட் டீமுக்குப் போக முடியும்.

என் பிரிவில் வத்ஸலா வந்து சேர்ந்தாள்.

காலேஜில் எனக்கு ஒரு வருஷம் கீழே படித்தவள். குண்டு எறிவாள். உத்தர வீதியில் வீடு, அப்பா ராஜகோபாலன் பேங்க் ஆபீசர். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்குவாள். கண்டக்டரிடம் சிரிப்பாள், மாஸ்டரிடம் சிரிப்பாள், துருப்பிடித்த இரும்பைப் பார்த்தும் சிரிப்பாள். அண்ணனுடைய பழைய பெல்பாட்டத்தை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டுதான் பயிற்சி. வந்த முதல் நாளே என் பெயரை மாற்றிவிட்டாள். "வியாகுலம்னு கூப்பிட்டா நேக்கே அழுகை வரதுடி. நான் மேரின்னு கூப்பிடறேன், சரியா?" சரியா என்று கேட்டாளே தவிர பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவள் வீட்டில் எதற்கும் பதில் எதிர்பார்த்துப் பழக்கமில்லை போலிருக்கிறது.

எதற்காகத் தூக்குகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"நன்னாயிருக்குடி. பாரத்தைக் கீழே வெச்சதும் உடம்பு பஞ்சாட்டம் மிதக்கறதோன்னோ, அதுக்குத்தான்."

எங்கள் வீட்டில் கீழே வைத்தால் அடுத்த மூட்டை வரும். யாரும் மிதந்து நான் பார்த்ததில்லை.

கை வழுக்காமல் இருக்க ஒரு வெள்ளைப் பொடி வேண்டும். அது மெட்ராஸில்தான் கிடைக்கும். வத்ஸலா தன் அப்பா நாமம் போட்டுக்கொள்ளும் திருமண் கட்டியின் உடைந்த தூளை ஒரு பவுடர் டப்பாவில் எடுத்து வருவாள். முதலில் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பிறகு உள்ளங்கையில் தேய்ப்பாள். பிறகு எனக்கு நீட்டுவாள். நானும் தேய்த்துக்கொண்டேன். மண்ணில் என்ன இருக்கிறது. கால்சியமோ மெக்னீசியமோ, கையைப் பிடித்தால் சரி.

அவள் அப்பா ஒரு நாள் லாம்ப்ரெட்டாவில் வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். பெஞ்சுப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். அங்கே ஒரு பையன் மல்லாந்து படுத்திருந்தான். தலைமாட்டில் இன்னொருவன் காலை அகட்டி அவன் முகத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்தான்.

"மாஸ்டர், உங்க பேர்ல நேக்குப் பூரண நம்பிக்கை. ஆனா வத்ஸலா தூக்கறச்சே புருஷா யாரும் கிட்டக்க நிக்கப்படாது. கை படப்படாது. நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு."

"அதுக்கென்னங்க சார். புள்ளைங்களே ஒருத்திக்கொருத்தி நின்னுக்கட்டும். இதுங்க தூக்குற எடைக்கு ஒருத்தி போதும்."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும், சார். ஆண்கள் தூக்கும்போது தலைமாட்டில் ஒருவன், பக்கத்துக்கு ஒருவன் என்று மூன்று பேர் நிற்பார்கள். எங்களுக்கு ஒருத்தி போதும் என்று இரண்டு பெரிய மனிதர்கள் பேசி முடித்தார்கள். ஒருவருக்கு மானம் முக்கியம், இன்னொருவருக்கு நாற்காலி. போட்டியிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. எதிராளிக்கு எதிராளியே காவல். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு ஏற்பாட்டை யாராவது செய்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

தலைமாட்டில் நிற்பது லேசான வேலை இல்லை. அதில் ஒரு விதி இருக்கிறது. படுத்திருப்பவள் தள்ளிக்கொண்டிருக்கும்போது நிற்கிறவளின் விரல் நுனி பட்டாலும் அந்தத் தூக்கு செல்லாது. ஆகவே கையை ராடுக்கு அடியில் நீட்டி, தொடாமல், காத்துக்கொண்டு நிற்க வேண்டும். சீக்கிரம் பிடித்தால் அவள் உழைப்பு வீண். பிடிக்காமல் விட்டால் ராடு அவள்மேல். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முடியாது என்று தெரிந்ததும் "எடுடி" என்பாள். நான் எடுத்து ஸ்டாண்டில் வைப்பேன். எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். சின்னப் பிள்ளை கையிலிருந்து கரண்டியை வாங்குவதுபோல. மாஸ்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பயிற்சியில் நான் தரையிலிருந்து நூறு கிலோவை நிமிர்த்தியதையும் அவர் பார்த்தார்.

தை மாதம் வத்ஸலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெங்களூர் மாப்பிள்ளை. மாஸ்டர் சொன்ன வேலையும் வேண்டாம், வேறு எந்த வேலையும் வேண்டாம் அவளுக்கு. ஜெயித்தால் கப்பை அம்மாவின் ஷோகேஸில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு தடவை காவேரிப் பாலத்தில் பஸ் நின்றபோது கேட்டுவிட்டேன். நீ போட்டிக்கு வராமல் இருக்கலாமே என்று.

"அப்பாவே சரின்னுட்டார், நீ வேண்டாங்கறியா? இந்த ஒரு தடவைதான்டி மேரி. கல்யாணம் ஆயிடுத்துன்னா அப்புறம் நான் தூக்கப்போறது இட்லி குண்டான்தான். நீ என்னை ஜெயிச்சுக்கோயேன், யார் வேண்டாங்கறா?"

நியாயமான பதில். நான் நியாயத்தை மதிக்கிறவள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். ஆண்கள் சாப்பிடப் போகும் இடைவேளையில் எங்களுடையதை நுழைத்திருந்தார்கள். மொத்தம் ஐந்து பெண்கள். லால்குடியிலிருந்து பொன்னுத்தாய் என்று ஒருத்தி புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளை அப்படியே தூக்க விடலாமா என்று நடுவர்கள் கூடிப் பேசினார்கள், என்னவோ கப்பல் கவிழ்ந்ததுபோல. மண்டபத்து ஜன்னலில் தொங்கிக்கொண்டு நின்ற கும்பலில் ஒருவன், "டேய், அந்த மார்க்கெட்டுப் பொண்ணப் பாருடா, காலு தேக்கு மரம்டா" என்றான். எடை பார்த்து முடித்ததும் வத்ஸலா கோயில் புளியோதரையைத் தொன்னையோடு நீட்டினாள். "பெருமாள் பிரசாதம், சாப்பிடுடி. தெம்பு வேணும்." இரண்டு நாளாக எடைக்காக நான் பட்டினி. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

முதல் தூக்கில் நான் முன்னால் இருந்தேன். பெஞ்சில் அவள் கை பலமானவள். எனக்குக் கால்தான் பலம். என் முறை முடிந்தது, அவள் எனக்குக் காவல் நின்றாள். விழுந்து விழுந்து கவனித்தாள், தன் முறையைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு. பிறகு அவள் முறை, நான் நின்றேன். இரண்டு தடவை சுலபமாகத் தள்ளினாள். மூன்றாவதற்கு அறுபது கிலோ கேட்டாள். பயிற்சியில் அவள் அதைத் தள்ளியதே இல்லை. தள்ளிவிட்டால் மொத்தத்தில் என்னைத் தாண்டிவிடுவாள். தள்ளாவிட்டால் கடைசித் தூக்கில் நான் பார்த்துக்கொள்ளலாம்.

படுப்பதற்கு முன் திருமண் பொடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே, என் காதில் ஒன்று சொன்னாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ராடு நெஞ்சுக்கு இறங்கியது. தள்ளலாம் என்று நடுவர் கை தட்டினார். தள்ளினாள். பாதி தூரம் ஏறி நின்றது. எல்லா ராடும் அங்கேதான் நிற்கும். என் கை ராடுக்கு அடியில் இருந்தது. நாலு விரல்கடை இடைவெளி. "எடுடி" என்றாள்.

நான் தொடவில்லை.

தலைமாட்டிலிருந்து பார்த்தால் முகம் தலைகீழாகத் தெரியும். தலைகீழாகத் தெரியும் முகம் யாருடைய முகமாகவும் இருக்கலாம். அது ஒரு வசதி. அவள் கண்ணை மேலே உருட்டி என்னைப் பார்த்தாள். பயந்திருப்பாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை, சார். நான் தொட்டால் தூக்கு செல்லாமல் போய்விடும் என்பதால் அவளுக்காகத்தான் நான் காத்திருக்கிறேன், இன்னொரு முயற்சிக்கு இடம் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணால் சரி என்றாள். மறுபடியும் தள்ளினாள். நல்ல முயற்சி. இரண்டு விரல்கடை ஏறியது. பிறகு முழங்கை மடங்கி, ராடு நெஞ்சுப் பக்கம் வராமல் கழுத்துப் பக்கம் சாய்ந்தது.

மூன்று நடுவர்களும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். மாஸ்டர் இரண்டு எட்டு வைத்தார். வைத்துவிட்டு எல்லோரும் எங்கே பார்த்தார்கள் தெரியுமா, சார். முதல் வரிசையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த ராஜகோபாலனை. அனுமதிக்காக. சாப்பிட்டுத் திரும்பியவர்களும் சேர்ந்து ஒரு மண்டபம் நிறைய ஆண்கள், அதில் பாதிப் பேர் காளை மாதிரி, ஒரு பெண்ணின் கழுத்தில் கிடக்கும் இரும்பைத் தொடலாமா என்று அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களும் தொடவில்லை, நானும் தொடவில்லை. அவர்கள் யாரையும் நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை.

அவள் கால் தரையை உதைப்பது நின்ற பிறகு நான் ராடைப் பிடித்தேன். பிடித்து, கையை நடுங்கவிட்டேன். பாதி தூக்கினேன். முடியாதவள்போல மறுபடியும் இறங்கவிட்டேன். அப்புறம்தான் மாஸ்டருக்குத் தைரியம் வந்து ஓடிவந்து எடுத்தார். அவள் கழுத்தில் குறுக்காக வெள்ளையாக ஒரு கோடு. ராடில் ஒட்டியிருந்த திருமண். ராஜகோபாலன் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் வந்துவிட்டார்களே என்று சாயங்காலம் ஆண்கள் போட்டியை நடத்தி முடித்தார்கள்.

அந்த நடிப்பு அவசியப்பட்டது என்பதால் செய்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எவ்வளவு சுலபமாக நம்பினார்கள் என்பதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

உங்கள் காகிதத்தில் இருக்கும் வரி இதுதான்: 'தலைமாட்டில் நின்ற பெண், போதிய உடல் வலு இல்லாத காரணத்தால், ராடைத் தூக்க இயலாமல் போனது.' மாஸ்டர் சொல்லி, நடுவர்கள் சொல்லி, நீங்கள் எழுதியது. நான் அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் அதைவிடக் கூடுதல் எடையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்கள் கண் முன்னால் உட்கார்ந்து எழுந்திருந்தேன். அதற்குக் கை தட்டியவர்களும் அவர்கள்தான். கண்ணால் பார்த்ததைவிட அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததுதான் பெரிது. தவிர, பெண்ணின் பலவீனம் என்று எழுதிவிட்டால் ஏன் ஒருத்தியை மட்டும் நிறுத்தினாய் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரங்கல் கூட்டத்தில் போட்டிக் கமிட்டிச் செயலாளர் அமிர்தராஜ் பேசினார். பெண்களின் மென்மைக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்பது நிரூபணமாகிவிட்டது, ஆகவே இந்த வருஷம் திருச்சியிலிருந்து பெண்கள் யாரையும் அனுப்பப் போவதில்லை என்றார். என் பக்கம் கையைக் காட்டி, "பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஸ்டேட் டீம் போயிற்று. வேலை போயிற்று. பாவம் மட்டும் கிடைத்தது.

அப்போதும் நான் உங்களிடம் வரவில்லை. போன வாரம் ராஜகோபாலன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறேன்.

எங்கள் சந்துக்குள் லாம்ப்ரெட்டா நுழையாது. தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். வத்ஸலாவின் இடுப்பு பெல்ட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

"நீ வெச்சுக்கோம்மா. உன்மேல நேக்குத் துளிக்கூட வருத்தமில்லை. நீ குழந்தை. உன்னால முடிஞ்சிருந்தா தூக்கியிருப்பே. அது நேக்குத் தெரியும். புருஷாள நிக்கவேண்டாம்னு சொன்ன பாவி நான்தான்."

சொல்லிவிட்டு அழுதார். மன்னிக்க வருகிறவர் என்ன குற்றம் என்று சரியாகத் தெரிந்துகொண்டு வர வேண்டாமா, சார். என்னை மன்னித்தார் என்றால், எதற்கு. கையில் பலம் இல்லாததற்கு. நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அப்பா குறுக்கே புகுந்தார். மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், தோளில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.

"இவளுக்கு ஏதுங்க சாமி தெம்பு? ஒரு கொடம் தண்ணி தூக்குனா மூச்சு வாங்கும். நோஞ்சான் புள்ளைங்க. காலேஜு படிச்ச உடம்புங்க."

என்னைப் பார்க்காமலே சொன்னார். மழையில் என் முதுகில் மூட்டை ஏறியதைப் பார்த்த அதே மனிதர். அறுபது கிலோ எவ்வளவு என்று இந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார். ராஜகோபாலன் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அப்பா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பட்டப்பகல். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. நான் வைக்கும் சோற்றைத் தொடுவதில்லை. ராத்திரி மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டுக்கொண்டு எதையோ முணுமுணுக்கிறார். சொந்த மகளை அந்நியர் முன்னால் நோஞ்சான் என்று சொன்னதற்கு இவ்வளவு வெட்கம் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அவள் காதில் சொன்னது.

"மேரி, இந்த அறுபதை மட்டும் ஆசைக்குத் தூக்கிப் பாத்துடறேன். கடைசித் தூக்குல கால் பிடிச்சுண்டுடுத்துன்னு உக்காந்துடறேன். நீயே போ. நேக்கு எதுக்குடி அதெல்லாம்? பாவம், நோக்குத்தானே வேணும்."

ஆமாம், சார். இடம் எனக்குத்தான். அந்த ராடு இறங்குவதற்கு முன்பே எனக்குத்தான். ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார், பாருங்கள். இடம் கிடைத்துவிட்ட பிறகு ஏன் என்று யோசிக்கிறார். அந்தப் 'பாவம்' என்ற ஒரு சொல்லுக்காக என்று நினைத்தால் தப்பு. நான் அவ்வளவு அற்பமானவள் இல்லை. விஷயம் எளிது. அவள் விட்டுக்கொடுத்து நான் வாங்கினால் அது பிரசாதம். தொன்னையில் வைத்து நீட்டுவது. நான் என் பலத்தால் வாங்க விரும்பினேன். அதற்கு அவள் உட்கார்ந்துவிடக் கூடாது. உட்காராமல் இருக்க வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே அந்த வரியை இப்படித் திருத்துங்கள். தலைமாட்டில் நின்ற வியாகுலமேரி, அறுபது கிலோ ராடை ஒரே மூச்சில் தூக்கக்கூடிய உடல் வலு முழுவதும் இருந்தும், வேண்டுமென்றே தூக்கவில்லை. 'முழுவதும்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். திருத்தியதில் ஒரு பிரதி அமிர்தராஜ் சாருக்குப் போகட்டும். பெண்கள் டீமை நிறுத்தியதற்கு அவர் சொன்ன காரணம் பொய் என்று ஆகிவிட்டால் என்னை அனுப்ப அவருக்குத் தடையிருக்காது. மாநிலப் போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

நீங்கள் எழுதச் சொல்லவில்லை. அந்த அம்மாவைப் பார்க்கிறீர்கள், அவர்கள் உங்களைப் பார்க்கிறார்கள். சிநேகிதி செத்த அதிர்ச்சி, புத்தி கலங்கியிருக்கிறது, அப்பனைக் கூப்பிட்டு அனுப்பி வைக்கலாம் என்று கண்ணாலேயே பேசி முடித்துவிட்டீர்கள். இந்த உடம்பா, இந்தக் கையா என்று என் கையைப் பார்க்கிறீர்கள். பரவாயில்லை. எனக்கு இது பழக்கம்தான்.

உங்கள் எடை எழுபத்தைந்து இருக்குமா, சார். நாற்காலியோடு சேர்த்து எண்பத்தைந்து என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கண்ணால் பேசிக்கொண்டிருந்தபோது மேஜைமேல் கிடந்த பழைய காலண்டர் அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து மடித்து வைத்திருக்கிறேன். சரியான கனம். ஒரு கையால் இந்தப் பக்கத்தைத் தூக்கினால் மறு கையால் குட்டைக் காலுக்கு அடியில் வைத்துவிடலாம்.

இல்லை, எழுந்திருக்க வேண்டாம், சார். அப்படியே உட்கார்ந்திருங்கள்.